கிழக்குத் துடுப்பு

கல்யாணமாகி இரண்டாவது மாதமே மயில்சாமிக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. சுகந்தியோடு சந்தோஷமாகக் குடித்தனம் பண்ண வேண்டுமென்றால் பின்பால் ஆடத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் வேலை அப்படி. கோயமுத்தூரில் கணபதியைத் தாண்டி இருந்த ஒரு கம்பெனியில் பின்பால் மிஷின்களுக்கு ஆடுபலகை வடிவமைப்பவள் அவள். சாய்வான ஒரு பலகை, அதில் உருண்டு வரும் எஃகுக் குண்டு, அது அடியில் இருக்கும் பள்ளத்தில் விழுந்துவிடாமல் தட்டி மேலே அனுப்ப இரண்டு துடுப்பு, துடுப்பை அசைக்கப் பெட்டியின் இருபுறமும் ஒவ்வொரு பொத்தான். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் குண்டு எந்த வளைவில் ஏறி எந்தச் சரிவில் இறங்கினால் இன்னொரு தடவை ஆடத் தோன்றும் என்பதைப் பதினான்கு வருடமாக அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். துபாய், சிங்கப்பூர் மால்களுக்கெல்லாம் அவளுடைய பலகைகள் போயிருந்தன.

புது மிஷின் எதுவானாலும், விற்பனைக்குப் போகுமுன் ஏழு ஊழியர்களின் வீட்டில் ஆறு மாதம் நின்று ஆடப்பட வேண்டும். சுகந்தி வீட்டில் அது ஹாலின் தெற்குச் சுவரை ஒட்டி நிற்கும். வடக்கே வாசல், மேற்கே சமையல்கட்டு, கிழக்கே ஜன்னல் என்று போனபிறகு மீதி இருந்த ஒரே வெற்றுச் சுவர் அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி வேகும் நேரத்துக்கு ஓர் ஆட்டம். புருஷனும் பெண்டாட்டியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். ஜன்னல் பக்கத்துப் பொத்தான் அவனுக்கு, சமையல்கட்டுப் பக்கத்துப் பொத்தான் அவளுக்கு.

"உன்ற பக்கம் வருது அம்மிணி."

"வரட்டும். எனக்கும் கண்ணு இருக்குது."

இந்த வருடத்து மிஷினின் பெயர் 'பரிசல்'. பலகையின் நடுப்பகுதி முழுவதும் திரை. திரையில் நொய்யல் ஆறு வெள்ளமாக ஓடியது. அதன்மேல் குண்டு பரிசல் மாதிரி மிதந்து வந்தது. சுகந்தியின் துடுப்பைத் தாண்டிவிட்டது என்று தோன்றிய கணத்தில் தண்ணீர் ஒரு சுழி சுழித்தது. குண்டு இம்மியளவு தயங்கியது. அவள் துடுப்பு நிமிர்ந்து அதை மதகுமேல் ஏற்றிவிட்டது.

"கடைசி நேரத்துல அடிக்கிறதே உனக்கு ஸ்டைலாப் போச்சு," என்றான் மயில்சாமி.

"அடிச்சனா இல்லையா?"

"அடிச்சே, அடிச்சே. எங்கிட்டப் பழக வர்றவங்களும் இப்படித்தான். பிரேக் போட்டது தாந்தான்னு நெனச்சுக்குவாங்க."

அவன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தான். பயிற்சிக் காரில் அவன் உட்காரும் இடதுபுறத்துச் சீட்டின் கீழே இன்னொரு பிரேக் உண்டு. அதைப் பழகுகிறவருக்குத் தெரியாமல் மிதிப்பதில் அவனுக்கு ஒரு பெருமை. தெரிந்தால் முகம் செத்துவிடும், அப்புறம் வண்டியையே தொடமாட்டார்கள் என்பான். கைத்தாங்கலாகக் கூட்டிப் போகிறோம், அதில் என்ன தப்பு என்பான்.

அந்தச் சொல்லைக் கம்பெனிக்கு எடுத்துப் போனவள் சுகந்திதான்.

முன்பெல்லாம் திரை மிஷினின் தலைமாட்டில் இருக்கும். எத்தனை அழகான படம் ஓடினாலும் யாரும் பார்க்கமாட்டார்கள். கண்ணைக் குண்டைவிட்டு எடுத்தால் ஆட்டம் போச்சு. அதனால் திரைப் பிரிவைக் கவனித்துவந்த ரூபன், அதைக் கீழே இறக்கிக் குண்டுக்கு அடியிலேயே வைத்தான். சுகந்தியின் வளைவுகளில் பாதி போயிற்று. "குண்டு தொட முடியாத படத்துக்கு என்னப்பா மரியாதை?" என்று அவள் சண்டை பிடித்தாள். தண்ணீர் சுழித்தால் குண்டும் சுழியட்டும் என்று அடியில் காந்தங்கள் வைத்தார்கள். காந்தம் வந்தபிறகு, புதிதாக ஆடுகிறவருக்குச் சின்னதாக ஓர் உதவி செய்யலாமே என்று யாரோ சொன்னார்கள். அதற்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டபோது, புருஷன் ஞாபகத்தில் சிரித்துக்கொண்டே 'கைத்தாங்கல்' என்றாள் சுகந்தி. எல்லோருக்கும் பிடித்துப்போனது.

ஆட்டம் முடிந்து குளித்துவிட்டு வந்தவள் கண்ணாடி முன் நின்று கம்மல் திருகாணியோடு மல்லுக்கட்டினாள். மயில்சாமி பின்னால் வந்து வாங்கிப் போட்டுவிட்டான்.

"தங்கத்துல கலப்படம். மரையே உக்கார மாட்டேங்குது," என்றாள்.

"ஆமா, கலப்படந்தான்," என்றான் அவன்.

* * *

புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுகந்தி பட்டறையில் ஒரு பழைய மிஷினை ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையும் காந்தமும் இல்லாத, விளக்குகள் மட்டும் எரிகிற மிஷின். கிழக்குத் துடுப்பு இரண்டு தடவை ஏமாற்றிவிட்டது. துடுப்பை அசைக்கும் மின்சுருளை மாற்றச் சொல்லிச் சீட்டு எழுதினாள். போன வாரமும் இதே சீட்டுதான்; சுருள் நன்றாகத்தான் இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் திருப்பி அனுப்பியிருந்தார்.

கிழக்குத் துடுப்பு என்பது அந்தப் பட்டறைப் பேச்சு. வலது என்றால் மிஷினுக்கு வலதா ஆளுக்கு வலதா என்று ஆரம்ப காலத்தில் தினமும் சண்டை. பெட்டி செய்த ஆசாரி ஒருவர்தான் தீர்த்து வைத்தார். பட்டறையில் மிஷின்கள் எல்லாம் வடக்குச் சுவரை ஒட்டி நின்றன. அதனால் ஒன்று கிழக்குத் துடுப்பு, இன்னொன்று மேற்குத் துடுப்பு. அதுவே நிலைத்துவிட்டது. ஒயர்களில் 'கி', 'மே' என்று சீட்டு ஒட்டியிருக்கும். ரூபனின் புரோகிராமிலும் அதே பேர்தான்.

"அக்கா, ஒரு நிமிசம் உள்ள வாங்க," என்று கூப்பிட்டான் ரூபன். தூத்துக்குடிப் பையன். "கதவைச் சாத்திருங்க."

"என்னப்பா, வேலையை விட்டுப் போறியா?"

"அதுக்கு இன்னும் நேரம் வரலக்கா. இதப் பாருங்க."

கம்ப்யூட்டரில் ஏழு கோடுகள் இருந்தன. ஆறு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் ஏணி சாத்திய மாதிரி ஏறியது.

"ஏழு வீட்டுப் பரிசலும் தெனமும் அனுப்புத கைத்தாங்கல் பதிவு இது. ஏறுதது உங்க வீடு. ஜூன் மாசம் அஞ்சு இருந்துச்சு. இப்பத் தொண்ணூறு."

"அஞ்சுன்னா?"

"ஒரு செகண்டை ஆயிரமாப் பிரிச்சா அதுல அஞ்சு. குண்டு வருதத கண்ணு பாக்கும், அப்புறம் விரல் அழுத்தும். நடுவுல ஆகுத நேரம் ஒவ்வொருத்தருக்கும் ஒரு கணக்கு, லேசுல மாறாது. திரை ஓரத்துல இருக்க கேமரா கண்ணைப் பாத்துக்கிட்டே இருக்கு. விரல் எவ்வளவு பிந்துதோ அவ்வளவு நேரம் காந்தம் குண்டைப் பிடிச்சு வைக்கும். மேல சுழி படம் ஓடும். ஆடுதவங்களுக்குத் தெரியாது."

"தெரியும்ப்பா. நானுந்தானே அந்தக் கூட்டத்துல இருந்தேன். முதல் ரெண்டு ஆட்டத்துக்கு மட்டும்னு பேச்சு."

"அதுக்குப் பொறவு எடுக்கவே இல்லக்கா. எடுத்தா ஆளுங்க சீக்கிரம் வீட்டுக்குப் போயிருதாங்களாம்."

சுகந்தி கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தூக்கக் கலக்கமா இருக்கலாம். வயசாகுதில்ல."

"களைப்புன்னா ஏறி எறங்கும். இது ஆறு மாசமா எறங்கவே இல்ல. அதுவும் ரெண்டு கையிலயும் இல்ல, கிழக்கு மட்டும். மேக்கால ஒண்ணுமே இல்ல." ரூபன் குரலைத் தாழ்த்தினான். "நான் டாக்டர் இல்லக்கா. எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஒரு கையில தொடங்குச்சு. நரம்புல வர்ற வியாதி. ஆரம்பத்துலயே பாத்திருந்தா கொஞ்சம் பிடிச்சு நிறுத்தியிருக்கலாம்னு சொன்னாங்க. உங்க வீட்ல கிழக்குப் பக்கம் யாருக்கா நிப்பா?"

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஹால் கண்முன் வந்தது. கிழக்கு ஜன்னல், அதன் வழியாக விழும் வெயில், வெயில் படும் தோள்.

"அவரு," என்றாள்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "இத்தனையும் அந்த மிஷினுக்குத் தெரியுது. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உனக்குக் கை வரலன்னு சொல்லுத மிஷின்ல எவன்க்கா ஆடுவான்?"

வீட்டுக்குக் கிளம்புமுன் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். கைத்தாங்கல் ஓர் அளவைத் தாண்டினால் அதை ஆடுகிறவருக்குச் சொல்ல வேண்டும், சொல்ல முடியாதென்றால் கைத்தாங்கலே வேண்டாம். ரூபனின் பெயரை எழுதவில்லை. தை மாதம் நாலாயிரம் பரிசல் கப்பலேற இருந்தது.

* * *

அன்று இரவும் மறுநாள் காலையும் அவள் புருஷனையே கவனித்தாள். அவன் டம்ளரைத் தூக்கிக் காபி ஆற்றினான். நூல் பிடித்த மாதிரி இறங்கியது. மகள் மகிழினியின் பென்சிலைச் சீவிக் கொடுத்தான். ஒன்பது வயதுப் பெண்ணின் ஸ்கூல் ஷூவுக்கு லேஸ் கோத்தான். ஒரு குறையும் தெரியவில்லை. தெரியாதது அவளை இன்னும் பயமுறுத்தியது. உள்ளேயே இருந்துகொண்டு அரிக்கிற வியாதி வெளியில் எப்படித் தெரியும்? நாள் பூராவும் ஸ்டியரிங் பிடிக்கிற கை. நடுரோட்டில் அது ஒரு நொடி அவன் பேச்சைக் கேட்காமல் போனால்?

வியாழக்கிழமை சாயங்காலம் மகிழினி டியூஷனுக்குப் போனதும், காபியைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்குக் கையில ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதுங்களா?"

"என்ற கையிலயா?"

எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். கையிலிருந்த டம்ளர் நழுவி உருண்டு, காபி சோபாவரைக்கும் ஓடியது. மயில்சாமி எழுந்து துணி எடுத்து வந்து துடைத்தான். துடைத்து முடித்தபிறகும் எழுந்திருக்காமல், தரையில் உட்கார்ந்தபடி அவள் கையைப் பார்த்தான்.

"மிஷினு அப்படியா சொல்லுது?"

"கிழக்குப் பக்கம் தொண்ணூறாம். அது நீங்கதானே."

அவன் துணியை மடித்து ஓரமாக வைத்தான். பிறகு, "டாக்டரைப் பாத்துரலாம்," என்றான். "போறதுதான் போறோம், நீயும் ஒருக்கா காட்டிக்க. ரெண்டு பேருக்கும் சேத்தே டோக்கன் போட்டுரு."

"எனக்கெதுக்கு?"

"சும்மாதான். நான் ஒருத்தனே போனா பயமா இருக்கும்."

அவன் பயம் என்ற வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். நரம்பு டாக்டரிடம் திங்கட்கிழமைதான் டோக்கன் கிடைத்தது. நடுவில் ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் அவள் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம் இருந்தது. கூடப் பிறந்தவள் போகாமல் முடியாது.

"நீங்க வண்டியத் தொடவே கூடாது. நான் ஓட்டறேன்."

"பஸ்ஸுல போலாமே."

"சீர்த்தட்டை எல்லாம் தூக்கிட்டா? ஏனுங்க, என் மேல நம்பிக்கை இல்லீங்களா? எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே."

மயில்சாமி மோவாயைத் தடவிக்கொண்டான். "செரி, நீயே ஓட்டு. ஆனா டிரைவிங் ஸ்கூல் வண்டியில போலாம். நம்ம வண்டியில கிளட்ச் இழுக்குது."

இத்தனை சுலபமாக விட்டுக்கொடுக்கிறவன் அல்ல அவன். பழக வருகிறவர்களைத் தவிர இன்னொருத்தர் ஓட்டி இருபது வருடமாக அவன் உட்கார்ந்து போனதில்லை. தன் கையைப் பற்றி அவனுக்கே தெரிந்திருக்கிறது, அதனால்தான் சாவியைக் கொடுக்கிறான் என்று எண்ணிக்கொண்டு, சமையல்கட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

* * *

ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்து ஆட்டம் இல்லை. விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது வெயில் வந்துவிட்டது. பின்சீட்டில் மகிழினி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மலைப்பாதை என்றால் அவளுக்கு வாந்தி நிச்சயம். மடியில் பாலிதீன் கவர் தயாராக இருந்தது. பக்கத்தில் சீர்த்தட்டு, பழம், தங்கைக்குப் பட்டுப்புடவை.

சுகந்திக்கு ஆச்சரியமாக இருந்தது. மலைப்பாதையில் அவள் ஓட்டி மூன்று நாலு வருடமாகிறது. ஆனாலும் வண்டி அவள் மனசு தெரிந்த மாதிரி நடந்துகொண்டது. வளைவு வரும்போது தானாக அடங்கியது. எதிரே பஸ் வந்தபோது, மிதிக்க வேண்டும் என்று நினைத்த அளவிலேயே நின்றது. இவரைப் பத்திரமாகக் கூட்டிப் போய்விடலாம், டாக்டர் என்ன சொன்னாலும் சரி, இனிமேல் இந்தக் குடும்பத்துக்கு ஓட்டுகிறவள் நான்தான் என்று தைரியம் வந்தது.

"நல்லாத்தான் ஓட்டறே," என்றான் மயில்சாமி. நெற்றியில் அவனுக்கு வியர்த்திருந்தது.

வண்டி வடக்கே பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. வலப்பக்கத்துக் கண்ணாடி வழியாக வெயில் நேராக வந்து, ஸ்டியரிங்மேல் இருந்த அவளுடைய வலது கையில் விழுந்தது. கண்ணாடி வளையல் மினுங்கியது. அடுத்தது கொண்டை ஊசி வளைவு. வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு தெற்கே பார்த்தது. அவள் கையில் இருந்த வெயில் போய்விட்டது. இப்போது வெயில் அவன் மடியில் இருந்தது.

கிழக்கு அந்தப் பக்கம் போய்விட்டது என்று சும்மா நினைத்தாள்.

இன்னொரு கொண்டை ஊசி வந்தது. வெயில் மறுபடியும் அவள் வலது கைக்கு வந்தது. திரும்பவும் போயிற்று. கை இருந்த இடத்தில்தான் இருந்தது. கிழக்குதான் மாறி மாறிப் போனது.

பட்டறையில் மிஷின்கள் வடக்குச் சுவரை ஒட்டி நிற்கின்றன. ஆடுகிறவன் வடக்கே பார்த்து நிற்பான். அவன் வலது கைப் பக்கம் கிழக்கு. அதனால் வலது துடுப்பின் ஒயரில் 'கி' என்று சீட்டு. அந்தச் சீட்டு மிஷினை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் வலது துடுப்போடுதான் போகும்.

வீட்டில் மிஷின் தெற்குச் சுவரை ஒட்டி நிற்கிறது.

வீட்டில் தெற்கே பார்த்து நின்று, சமையல்கட்டுப் பக்கத்தில், வலது பொத்தானை அழுத்துகிறவள் அவள்.

எதிரே ஒரு லாரி திரும்பியது. ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும் என்று சுகந்திக்குத் தெரிந்தது. ஒடி என்று கைக்குச் சொன்னாள். கை அங்கேயே இருந்தது. ஒரு கண்ணிமைப்பு, அதில் பாதி. வண்டி இதமாக வேகம் குறைந்து, வெள்ளத்தில் சுழி பிடித்த பரிசல் மாதிரி ஒரு கணம் தயங்கியது. பிறகு கை ஒடித்தது. லாரிக்காரன் ஹாரன்கூட அடிக்கவில்லை.

அவள் கால் பிரேக்கில் இல்லை.

பத்தடி தள்ளி, டீக்கடைக்கு எதிரே அகலமான இடத்தில் வண்டியை நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இடது கையால் இழுத்துவிட்டுத் தலையைத் திருப்பிக் கீழே பார்த்தாள். மயில்சாமியின் வலது பாதம் இரண்டாவது பிரேக்கின்மேல் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வைத்திருந்தான்.

"எத்தன தடவ மிதிச்சீங்க?"

அவன் காலை எடுத்துக்கொண்டான். "எண்ணலை."

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"ஆடி மாசம். கம்மல் திருகாணி." வெளியே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மொதல்ல சும்மான்னு இருந்தேன். அப்புறம் தோசைக்கரண்டி, சேலைப் பின்னு. நீ ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் வெச்சிருந்தே. நானும் சேந்து தலையாட்டிட்டேன்."

"அன்னிக்கு நான் உங்களுக்குன்னு அழுதனே. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"திங்கக்கெழமை வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்னு நெனச்சேன்."

"நிம்மதியாவா இருந்தேன்?" என்றாள் சுகந்தி. "பின்னாடி புள்ளைய வெச்சுக்கிட்டு என்னை மலை ஏத்தியிருக்கீங்க."

"என்ற காலு இருந்துச்சில்ல," என்றான். சொன்னபிறகு அவனுக்கே அது எப்படி இருந்ததோ, தலையைக் குனிந்துகொண்டான்.

அவளால் கோபப்பட முடியவில்லை. கைத்தாங்கல் என்ற சொல்லை எடுத்துப் போய்க் கம்பெனியில் கொடுத்தவள் அவள்தானே. அவன் காரில் செய்ததை அவள் பலகையில் செய்தாள். அவனாவது தன் பெண்டாட்டிக்குச் செய்தான்.

போனில் செய்தி வந்த சத்தம் கேட்டது. ரூபன். 'அக்கா, ஞாயித்துக்கிழமை தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. உங்க கடிதத்துக்கு முடிவு எடுத்துட்டாங்க. கைத்தாங்கல் எல்லா மிஷின்லயும் இருக்குமாம். பதிவை மட்டும் நிறுத்திட்டாங்க. ஏழு கோட்டையும் இன்னைக்குக் காலைல அழிச்சாச்சு. இனிமே எங்களுக்கும் தெரியாது. அண்ணன் கை எப்படி இருக்கு?'

இரண்டு தடவை படித்தாள். நாலாயிரம் மிஷின். ஒவ்வொன்றின் முன்னாலும் யாரோ ஒருவர் நின்றுகொண்டு, கடைசி நேரத்தில் அடிப்பது தன் ஸ்டைல் என்று சிரித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் வெயிலில் நிற்க ஒருவரும் இல்லாமல்கூட இருக்கலாம்.

"எறங்குங்க," என்றாள். "எடம் மாறிக்கலாம்."

பின்சீட்டிலிருந்து மகிழினி எட்டிப் பார்த்தாள். கவர் காலியாக இருந்தது.

"ஏம்மா நிறுத்திட்டீங்க? அப்பா, அம்மா எவ்வளவு சூப்பரா ஓட்டறாங்க பாத்தீங்களா? ஒரு குலுக்கல்கூட இல்ல. எனக்கு வாந்தியே வரல. திரும்பி வரும்போதும் அம்மாவே ஓட்டட்டும்."

மயில்சாமி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

சுகந்தி சாவியை உருவினாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்ற மயில்சாமியிடம், வேண்டுமென்றே வலது கையால் நீட்டினாள். அவன் கீழே உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நின்றான். பிடுங்கிக்கொள்ள வரவில்லை.

விடு, என்று விரல்களுக்குச் சொன்னாள்.

டீக்கடையில் யாரோ பாய்லரை மூடினார்கள். மேலே போகும் பஸ் ஒன்று வளைவில் ஹாரன் அடித்தது. சாவி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.